வளைவுக்கு அந்தப் பக்கம்

"நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி கரையக்கா கொக்கியிலிருந்து இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை உருவிப் பலகை மேல் போடுகிறாள். வந்து நிற்கும் தம்பதி இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் விடமாட்டாள். படகுத்துறைக்கு இறங்கும் படியில் ஒருவர் கால் வைக்கும்போதே அவள் கண் தோளில் தொடங்கி இடுப்புவரை அளந்து முடித்திருக்கும். யாராவது ரோஷப்பட்டு, "எனக்கு இவ்வளவு பெரிசு வேணாம்" என்றால், "தண்ணிகிட்டப் போய் கௌரவம் பார்க்காதீங்க சார், அதுக்கு ஆள் தெரியாது" என்பாள்.

மலைகளுக்கு நடுவே அணை கட்டித் தேக்கிய ஏரி அது. படகுத்துறை என்றால் ஒரு தகரக் கொட்டகை, பதினாறு கயாக் படகுகள், எந்தப் படகு வெளியே போயிருக்கிறது என்று எழுதிவைக்க ஒரு கரும்பலகை, அவள் கழுத்தில் ஒரு விசில். பதினோரு வருடமாக இதுதான் அவள் ராஜ்ஜியம். வயது நாற்பத்தாறு. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. கரையை விட்டு நகராதவள் என்பதால் மற்ற எல்லோருக்கும் கரையக்கா.

துடுப்புப் பிடிக்கத் தெரியாதவர்களை அவள் பத்தே நிமிடத்தில் தேற்றிவிடுவாள். "தண்ணிய எதுக்கு அடிக்கிறீங்க? உங்களுக்கு அது என்ன பண்ணுச்சு? பக்கத்துல இறக்கி, பின்னால தள்ளுங்க. கையால இல்ல, முதுகால." இரண்டு பேர் போகும் படகு என்றால் இன்னொரு பாடமும் உண்டு. "முன்னால இருக்கறவங்க வேகம், பின்னால இருக்கறவங்க வழி. ரெண்டு பேரும் வழி சொன்னா இங்கயே சுத்திக்கிட்டு இருப்பீங்க." படகைத் தூக்கும் அழகைப் பார்த்தே கல்யாணமாகி எத்தனை வருடம் என்று சொல்லிவிடுவாள். முதல் வருடம் இருவரும் கனமான முனையைப் பிடிக்க ஓடுவார்களாம். ஐந்தாவது வருடம் இருவரும் லேசான முனைக்கு ஓடுவார்களாம். ஏழாம் எண் படகு எப்போதும் இடது பக்கமாகவே இழுக்கும். அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். "எப்பப் பார்த்தாலும் முறுக்கிக்கிட்டுத்தான் போகும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

கரையிலிருந்து பார்த்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டைப் பாறை நீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஏரி வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம்தான் கூடாரம் போட்டுத் தங்கும் திடல். துறையிலிருந்து அது தெரியாது. பிருஷ்டத்தில் ஈரமும் முகத்தில் வெயிலுமாகத் திரும்பி வருகிறவர்களிடம் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டே கரையக்கா தவறாமல் ஒன்று கேட்பாள்: "அங்க எப்படி இருந்துச்சு?"

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. தண்ணீர் பச்சைக் கண்ணாடிப் பாட்டில் மாதிரி இருந்தது என்பார் ஒருவர். காலையில் மூடுபனி, தன் துடுப்பின் நுனியே தனக்குத் தெரியவில்லை என்பார் இன்னொருவர். "சிக்னலே இல்லக்கா, ஒரே கொடுமை" என்றவரும் உண்டு. ஒரு சின்னப் பெண், மான் ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்று தன்னைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, "பார்த்துட்டு யோசிச்சுச்சு ஆன்ட்டி" என்றாள். கரையக்கா அதை ஒரு வாரம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் யாராவது ஆசையாகக் கைபேசியை நீட்டினால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஐயோ வேணாம். போட்டோல பார்த்துட்டா பார்த்த மாதிரியே ஆயிடும்."

தண்ணீரில் ஒரு படகு இருந்தாலும் கரையில் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி; அதனால்தான் பாவம் அவளால் போக முடியவில்லை என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளும் மறுத்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. படகுகளைப் பூட்டும் சங்கிலியின் சாவி அவள் இடுப்பில். மேலே கேண்டீன் நடத்தும் மாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்: "செவ்வாக்கிழமை ஏரி முழுக்க உன்னோடதுதானேம்மா? ஒரு நடை போயிட்டு வாயேன்." "போலாம் மாஸ்டர், எங்க ஓடிடப் போகுது" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

காரணம் தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி அவள். இன்னொருவர் அவள் கணவர்.

அவர் அணையில் மதகு இயக்குகிறவர். வேலை கிடைத்து இருவரும் மலைக்கு வந்த முதல் வாரம், அணையின் மேல் நடத்திக் கூட்டிப்போய், காற்றில் பறந்த அவள் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் அந்த வளைவைக் காட்டினார். "அந்தப் பக்கம் டென்ட் போட்டுத் தங்கலாமாம். ஒரு நாள் போவோம்."

"போனா சேர்ந்துதான் போகணும்" என்றாள் அவள்.

"பின்ன? சேர்ந்துதான்."

இருவர் படுக்கும் கூடாரம் ஒன்றையும் வாங்கினார்கள். அந்த மாதமே மதகின் அடிக்கிணற்றில் ஏதோ அடைப்பு என்று அவர் இறங்கினார். எங்கிருந்தோ கசிந்த நீர் ஏறத் தொடங்க, மேல் கதவு சிக்கிக்கொண்டது. நீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. இருபது நிமிடம். கதவைப் பெயர்த்து அவரை மேலே தூக்கினார்கள். கீறல்கூட இல்லை. மறுநாளே வேலைக்குப் போனார். ஆனால் அன்றிலிருந்து, அடி தெரியாத தண்ணீரில் அவர் கால் வைத்ததில்லை. மதகறை நண்பர்கள் கிண்டல் செய்தால், "கீழ எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சவன் மேல மிதப்பானா?" என்று சிரித்து மழுப்புவார். மனைவியிடம் மட்டும் அந்தச் சிரிப்பு செல்லாது. அவளிடம், "அடுத்த செவ்வாக்கிழமை" என்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழாய் ஒழுகும். அதற்கடுத்ததில் கூரைத் தகரம் ஆடும். முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கரையக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை. மழைக்காலம் முடிந்ததும் கூடாரத்தைக் கொல்லையில் விரித்து வெயில் காட்டுவாள். மாலையில் மடித்து வைப்பாள். அதைக் கண்டால் அவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்விடுவார். மற்ற நாட்களில் அவள் ஜோடி ஜோடியாக ஆட்களைப் படகில் உட்கார்த்தி, பின்முனையில் காலை வைத்து ஒரு உந்து உந்திவிட்டு, அந்த ஆரஞ்சுப் புள்ளி பாறைக்குப் பின்னால் மறையும்வரை நின்று பார்ப்பாள்.

போன வருடம் காற்று மாதம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தட்டச்சர்கள், அக்கா தங்கை, இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். ஒரு இரவு தங்குவதாகச் சொல்லி இரட்டைப் படகில் போனார்கள். மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் திரும்ப வேண்டியவர்கள் இரண்டு மணியாகியும் வரவில்லை. ஏரி வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் மோட்டார் படகு பொறியாளர்களை ஏற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போயிருந்தது. கரையக்கா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி கேண்டீன் மாஸ்டர் கழுத்தில் மாட்டினாள். "யாரையும் தண்ணில இறக்காதீங்க."

"உனக்கு அங்க வழி தெரியுமாம்மா?"

"பத்து வருஷமா கேட்டு வச்சிருக்கேன் மாஸ்டர், தெரியாதா?"

ஒற்றைப் படகில் ஒரு சுருள் கயிற்றோடு போனாள். எதிர்க்காற்று. ஒரு மணி நேரம் முதுகு கழன்றுவிடும்போல் துடுப்புப் போட்டு மொட்டைப் பாறையைச் சுற்றினாள். கிழிந்த கூடாரத் துணியைப் போர்த்திக்கொண்டு இருவரும் கரையில் ஒண்டியிருந்தார்கள். அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. படகு கரையோர நாணலில் சிக்கிக் கிடந்தது.

"நாங்க ரெண்டு பேருமே வழி சொன்னோம்மா" என்றாள் தங்கை, அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே.

கரையக்கா தன் துப்பட்டாவைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினாள். குனிந்துதான் கட்டினாள். பக்கத்தில் எங்கோ ஓடை ஒன்று பாறையில் விழும் சத்தம் கேட்டது. நனைந்த இலையின் வாசனை வந்தது. கொஞ்சம் தலையைத் தூக்கினால் போதும். தூக்கவில்லை. இருவரையும் படகில் ஏற்றி, கயிற்றின் ஒரு முனையை அவர்கள் படகிலும் மறுமுனையைத் தன் படகிலும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் கயிறு, அக்காவின் வெளிறிய உதடு, அடுத்த அலை. இவற்றைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் துறையில் கூட்டம் கூடியிருந்தது.

"கடைசியில பார்த்துட்டியேம்மா! எப்படி இருந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"எங்க பார்த்தேன்? நிமிரவே இல்ல."

அடக்கத்தில் சொல்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சேதி மதகறைக்குப் போய்விட்டது. கணவர் அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டு வாசலில் நின்றார்.

"போயிட்டு வந்தியாமே?"

"ஆமா."

"தனியா."

"கூட யாரு இருந்தா?" என்றாள். குத்திக்காட்ட நினைக்கவில்லை. ஆனால் குத்திவிட்டது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அங்க எப்படி இருந்துச்சு?"

ஆயிரம் பேரிடம் அவள் கேட்ட கேள்வி. அவளிடம் இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "நான் பார்க்கலைங்க. குனிஞ்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"ஏன்?"

"சேர்ந்துதான்னு சொல்லியிருந்தோமே."

அவர் கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எதுவும் ஒழுகவில்லை. அவர் தானாகவே துறைக்கு இறங்கி வந்தார். இரட்டைப் படகு புல்தரையில் கிடந்தது. ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அதன் பின் இருக்கையில் உட்கார்ந்தார். கரையக்கா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். புல்லின் மேல் இருவரும் துடுப்புப் போட்டார்கள். மேலே கேண்டீன் ஜன்னலில் மாஸ்டரின் சிரிப்பு கேட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நான்கைந்து செவ்வாய்க்கிழமைகள் புல்லிலேயே போயின. பிறகு ஒரு நாள் படகின் மூக்கு மட்டும் தண்ணீரில் இருந்தது. இன்னொரு நாள் பாதிப் படகு. அன்று அலை ஒன்று வந்து அடியில் தட்டியதும் மனிதர் எழுந்து, ஜாக்கெட்டோடேயே விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். இரண்டு செவ்வாய் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கரையக்கா கூப்பிடவும் இல்லை. மூன்றாவது செவ்வாயன்று அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது, "துறை சாவி எங்க?" என்று கேட்டார்.

இந்த வாரம் படகு முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது. காற்று இல்லை. அவள் முன் இருக்கையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவருடைய வலது கால் படகுக்குள். இடது கால் இன்னும் துறையின் சிமெண்டுத் தளத்தில்.

"ஆடுது" என்கிறார்.

"ஆடும்" என்கிறாள்.

அவள் திரும்பவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கி, அடிச்சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் அழுத்தி, படகை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.