உட்கார்ந்து ஊதும் வேலை

என் அக்காள் உண்ணாமலையின் புருஷன் வீரய்யாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. உட்கார வேண்டும். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ட்ரம்பெட் வாசிக்க வேண்டும். காணி நிலம் கேட்கவில்லை, கல்வீடு கேட்கவில்லை. கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர் ஊராக நடந்தவன் என்பதால் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன்.

அவர் வல்லத்திராக்கோட்டைக்காரர். மீசை முளைக்கும் முன்பே கப்பலேறி ரங்கூனுக்குப் போய், ஒரு பெரிய ஓட்டலில் தட்டுக் கழுவச் சேர்ந்தார். அந்த ஓட்டலில் சாயங்காலம் ஆனால் வெள்ளைக்காரர்கள் ஆடுவார்கள். அவர்கள் ஆடுவதற்கு ஜாஸ் வாசிக்க ஒரு பேண்டு இருந்தது. கோவாக்காரர் ஒருவர் அதற்கு மாஸ்டர். தட்டுக் கழுவிய கை காய்வதற்குள் வீரய்யா போய் அந்தப் பேண்டுக்காரர்களின் பெட்டிகளைத் தூக்குவார், பித்தளையைத் துடைப்பார். துடைத்ததை ஊதிப் பார்த்தார். ஊதியதை மாஸ்டர் கேட்டுவிட்டார். பிறகு பல வருஷம் பாடுபட்டுக் கடைசியில் முதல் ட்ரம்பெட் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்து என் அக்காளைக் கட்டிக்கொண்டு, அவளை எங்கள் தலையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனதும் உண்டு.

அந்த ஜாஸ் பேண்டு, நம் ஊர்க் கல்யாணத்தில் நாலு பேர் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வருவது போல் இல்லையாம். ட்ரம்பெட் ஒரு வரிசை, ட்ராம்போன் ஒரு வரிசை, சாக்ஸபோன் ஒரு வரிசை, பியானோ, டிரம் என்று மேடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் நாற்காலி. இந்தக் கூட்டத்தில் மேல் சுரத்தைப் பிடிக்கிறவர் முதல் ட்ரம்பெட். நடவு வயலில் முதல் வரிசை போடுகிற பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் நடுவதைப் போல, அவர் மூச்சு விடுகிற இடத்தில்தான் மற்றவர்கள் மூச்சு விடலாம், அவர் அழுத்துகிற இடத்தில்தான் அழுத்தலாம். ஆனால் எழுந்து நின்று தனியாக வாசித்துக் கைதட்டு வாங்குகிறவர் வேறு ஆள். முதல் ட்ரம்பெட்காரர் உதடு வீங்க ஊதிவிட்டு உட்கார்ந்தபடியே இருப்பார்.

இதைச் சொன்னபோது, பாடு உங்களுக்கு, பேர் அவனுக்கா என்று எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஓட்டல் மூடியது, கப்பலில் இடம் இல்லை, பேண்டில் இருந்தவர்கள் சேர்ந்தே நடந்தார்கள். காடும் மலையும் ஏறி இறங்கி எல்லை தாண்டி, ரயில் மாறி மாறிப் புதுக்கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அவர் கையில் ட்ரம்பெட்டைச் சுற்றிய ஒரு வேட்டி மட்டும் இருந்தது. பாதம் இரண்டும் வெடித்துப் பிளந்து கிடந்தன. என் அக்காள் தினமும் விளக்கெண்ணெய் தடவினாள். கூட நடந்தவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஊரில் எல்லோரும் ஜாஸ் கேட்க ஆசைப்பட்டார்கள். கண்மாய்க் கரையில் ஒரு சாயங்காலம் வாசித்தும் காட்டினார். கொஞ்சம் ஊதினார், நிறுத்தினார், காலால் தட்டிக்கொண்டு சும்மா இருந்தார், திடீரென்று மறுபடி ஊதினார், மறுபடி நிறுத்தினார். நடுவில் சும்மா இருந்த இடமெல்லாம் மற்றவர்கள் வாசிக்க வேண்டிய இடம். அது யாருக்குத் தெரியும்? குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கூட்டம் கலைந்துவிட்டது. அவரும் அதன் பிறகு தனியாக வாசிக்கவில்லை.

வயிறு இருக்கிறதே. புதுக்கோட்டையில் உடையப்பன் நடத்திய பேண்டு செட்டில் நான் அப்போது டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். உடையப்பன் கிளாரினெட் வாசிப்பார், நல்ல மனுஷன், எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு எல்லோருக்கும் பின்னால் வேலைக்கு வருகிறவர். மச்சான் வந்த கொஞ்ச நாளில் செட்டே வேறு மாதிரி ஆனது. முதல் நாளே அவர் ஒரு சட்டம் போட்டார்.

"நான் எடுத்தா எல்லாரும் எடுங்க. நான் தப்பா எடுத்தாலும் எங்கூடவே வாங்க. ஒருத்தன் செஞ்சாத்தான் அது தப்பு. எல்லாரும் சேந்து செஞ்சா அது பாட்டு."

எல்லோருக்கும் இது பிடித்துப்போனது. தலை வலிக்க யோசிக்க வேண்டாம், மச்சானின் தோளைப் பார்த்தால் போதும். தோள் ஏறினால் அடி.

ஆனால் கல்யாண பேண்டுக்கு நாற்காலி ஏது? மாப்பிள்ளை அழைப்பு, சாமி புறப்பாடு, சடங்குச் சீர் என்று எல்லாமே நடைதான். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, கரி கேஸ் பஸ் பாதி வழியில் மூச்சை விட்டுவிடும். இறங்கி அந்த ஊர் வரைக்கும் நடந்து, அங்கே தெருத் தெருவாக ஊதிக்கொண்டு நடந்து, மறுபடி திரும்பி நடக்க வேண்டும். மச்சானுக்குக் கால் ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், ஆனால் தூக்கம் வராது. என் அக்காள் என்னிடம் வந்து அழுவாள். பர்மாவில் இருந்து நடந்து வந்த மனுஷனை நீ இன்னும் நடக்க வைக்கிறாயே என்பாள். நான் என்ன செய்வேன், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டா போக முடியும்?

அந்த நேரத்தில்தான் பொன்னமராவதி நல்லதம்பி ஆள் அனுப்பினார். அவரும் ரங்கூனில் அரிசி வியாபாரம் செய்து, கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர். கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த ஓட்டலுக்கு அரிசி இறக்கப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று பேண்டைக் கேட்டவராம். உள்ளே விட மாட்டார்களே. தன் மகள் மீனம்மாள் கல்யாணத்தில் அதே மாதிரி மேடை போட்டு, நாற்காலி போட்டு, எல்லோரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். புதுக்கோட்டையில் அவர் ஒரு நாடகக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் நன்றாக அமைந்தால், நாடகம் தொடங்குவதற்கு முன்னும் இடைவேளையிலும் உட்கார்ந்து வாசிக்க எங்கள் செட்டையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மச்சான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் அக்காளிடம், இந்த ஒரு கல்யாணம் முடியட்டும், அப்புறம் நடை கிடையாது என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். செட்டில் இருந்த எல்லோரையும் இரண்டு வாரம் வாட்டி எடுத்து ஜாஸ் பாட்டு நாலைந்து பழக்கினார். நான் கூட ஜாஸ் அடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் வியாழக்கிழமை. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு மட்டும் வழக்கம் போல நடைதான். வீட்டுக்கு வீடு நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள், நிறுத்திய இடமெல்லாம் ஊதச் சொன்னார்கள். ஊர்வலம் முடிந்தபோது சேவல் கூவிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தலுக்கு வந்தோம். மணவறைக்கு எதிரே மேடை, மேடை மேல் வரிசையாக நாற்காலிகள். மச்சான் தன் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு முதுகைச் சாய்த்தார். அவர் வாயில் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. வயதான மாடு படுக்கும்போது விடுமே, அந்த மூச்சு.

எமகண்டம் கழிந்ததும் முகூர்த்தம். மணவறைக்குப் பக்கத்தில் நாதசுரம் ஆத்மநாதன் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாய்மாமன் தங்கமுத்து கையில் கடிகாரத்தோடு நின்றார். நேரம் வந்ததும் அவர் விரலைத் தூக்கி ஆட்டுவார், கெட்டிமேளத்தோடு பேண்டும் சேர்ந்து முழங்க வேண்டும் என்பது நல்லதம்பியின் ஏற்பாடு.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான். எமகண்டம் இன்னும் முடியவில்லை. ஐயர் தங்கமுத்துவைப் பார்த்து, நேரம் ஆயிற்றா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று தங்கமுத்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மச்சானின் தோள் ஏறியது.

அப்படி ஓர் ஊதலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. எமன் பக்கத்தில் எங்காவது நின்றிருந்தால் அவனுக்கும் காது அடைத்திருக்கும். தோள் ஏறியதைப் பார்த்தோமா, நாங்கள் எல்லோரும் கூடவே பாய்ந்தோம். பேண்டு பாய்ந்ததைக் கேட்டு ஆத்மநாதன், நாம் பிந்திவிட்டோமோ என்று பதறிக் கெட்டிமேளத்தைத் தொடங்கினார். மேளம் கேட்டதும் சனங்கள் அட்சதையை வீசினார்கள். அட்சதை தலையில் விழுந்ததும் பையன் முடிச்சைப் போட்டுவிட்டான். தங்கமுத்து இரண்டு கையையும் தூக்கி என்னவோ கத்தினார். அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியபோது மாப்பிள்ளையின் தாயார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எமகண்டத்தில் தாலி ஏறிவிட்டது. ஏறிய தாலியை இறக்க முடியுமா? நாலு பேர் ஆத்மநாதன் மேல் பாய்ந்தார்கள். மேளக்காரனுக்கு அவ்வளவு அவசரமா என்று ஒருவன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தான். பாவம், அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. மச்சான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"அவர விடுங்க. மொதல்ல எடுத்தது நான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். யாராவது அடிப்பார்கள் என்று நினைத்து நான் டிரம்மோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குள் அந்தப் பெண் மீனம்மாள் தலையை நிமிர்த்தி, கட்டியாச்சு, இனிமே யாரும் அழாதீங்க என்று சொல்லிவிட்டது. ஐயரும் ஏதோ சாந்தி செய்தால் போதும் என்று சமாளித்தார். நல்லதம்பி மட்டும் மச்சானைத் தனியாக அழைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க நல்லா வாசிக்கிறவருதான். எனக்குத் தெரியும். ஆனா கொட்டகைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். சாப்புட்டுட்டுப் போங்க."

கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். உடையப்பன் அன்றைக்கு முதல் முறையாகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பஸ் வரும் இடத்துக்கு நடந்து போய் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். எத்தனை மாதமாகக் கேட்ட நாற்காலி, கைக்கு வந்து போய்விட்டதே. விரல் நிற்கச் சொல்கிறதா தொடங்கச் சொல்கிறதா என்றுகூடவா தெரியவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"நான் வெரலப் பாக்கவே இல்ல மாப்ள," என்றார். "தூங்கிட்டேன். முதுகு சாஞ்ச ஒடனே ரங்கூனுக்குப் போயிட்டேன். எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காந்திருந்தாங்க. மாஸ்டரு வெரலத் தூக்குனாரு. எடுத்தேன்."

காட்டில் விட்டுவிட்டு வந்தவர்களும் அங்கே இருந்தார்களா என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். நின்றுகொண்டே இருந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டார். நாற்காலிதான் அவரைக் கவிழ்த்தது.

மீனம்மாள் நன்றாகத்தான் வாழ்ந்தாள், பிள்ளை குட்டி பெற்றாள். அதை யாரும் வந்து மச்சானிடம் சொல்லவில்லை. பொன்னமராவதிப் பக்கம் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் முகம் வாடும். கொட்டகையில் மதுரைக்காரர்கள் யாரோ உட்கார்ந்து வாசித்தார்கள். நாங்கள் நடந்தோம். நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டேன்.

அடுத்த வருஷம் குடுமியான்மலையில் ஒரு கல்யாணம். ஊர்வலம் கிளம்ப நேரமாகிவிட்டது. மச்சான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்த கல்யாண வீட்டு அம்மாள் ஒருவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, செத்த உக்காருங்க என்றார். மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேணாம் தாயி," என்றார். "உக்காந்தா எல்லாரும் வந்துருவாங்க."

யார் வந்துவிடுவார்கள் என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் டிரம் வாரை இழுத்துக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.