மாப்பிள்ளையின் முட்டியும் மூன்று டாக்டர்களும்

ஒரே முட்டி. ஒரே ஸ்கேன். மூன்று டாக்டர்கள்... மூன்று வைத்தியம். எப்படி இருக்கிறது கதை?

முட்டி என் தங்கை விஜயாவின் கணவர் சேகருடையது. விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்கிறார்கள். சூளையின் கீழ்த்தட்டில் விளக்கு அடுக்கக் குந்தியவர், எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டிக் குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டதாம். கார்த்திகை ஆர்டரோ தலைக்கு மேல் இருந்தது.

நான்தான் ஊர் ஊராக அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஆகாது. அவர் உள்ளே, நான் டீக்கடையில்.

கடலூர் டாக்டர், சின்னத் துளை போட்டுச் சுத்தம் செய்தால் போதும் என்றாராம். பாண்டிச்சேரி டாக்டர், எலும்பில் பொடி ஓட்டைகள் போட்டால் ரத்தம் கசிந்து புதுத் திசு வளரும் என்றாராம். சென்னை டாக்டரோ, இவருடைய செல்லையே எடுத்து லேபில் வளர்த்துத் திரும்ப வைக்கலாம் என்றாராம்.

"மூணு பேருல யாரு மச்சான் நம்மள ஏமாத்தறது?" என்றார் சேகர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

"இந்தத் தடவை நானும் வரேன்" என்று விஜயா கிளம்பினாள். மறுபடி பாண்டிச்சேரி. டீக்கடைக்கு நழுவப் பார்த்த என்னையும் உள்ளே இழுத்துப் போனாள்.

"என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சொந்தக் கம்பெனி சார். மேற்பார்வைதான்."

"என்ன மேற்பார்வை?" என்றாள் விஜயா. "பொழுதன்னைக்கும் தரையில குந்திதாங்க விளக்கு அடுக்குவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். விஜயா மற்ற இரண்டு டாக்டர்களைப் பற்றியும் சொல்ல, அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று சேகரைக் கேட்டார். கடலூரில், "லேசாத்தான் வலி." சென்னையில், "டெய்லி ஷட்டில் ஆடுவேன்." மாப்பிள்ளை கடைசியாக ஷட்டில் ஆடியது கல்யாணத்துக்கு முன்னால்!

"டாக்டருக்கு டாக்டர் பழக்கம் மாறும், அது நெஜம்தான்" என்று சிரித்தார் அவர். "ஆனா புண்ணோட அளவு, வயசு, செய்யற வேலை எல்லாம் பார்த்துதான் முடிவு பண்றோம். நாங்க மூணு பேரும் மூணு வேற ஆளுக்கு வைத்தியம் சொல்லியிருக்கோம்." அப்புறம் சொன்னார்: "எது செஞ்சாலும் பல மாசத்துக்குக் குந்தக் கூடாது."

சேகர் முகம் விழுந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பண்ருட்டி வரை முட்டியையே தடவிக்கொண்டு வந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"கார்த்திகை போச்சு" என்றார் கடைசியில்.

"எங்க போவுது? கீழ்த்தட்டை நான் அடுக்கறேன்" என்றாள் விஜயா. "ஓனரு ஓனருன்னு சொல்லிக்கிட்டீங்கல்ல... உக்காந்து மேற்பார்வை பாருங்க."

பாண்டிச்சேரி டாக்டரிடமே ஆபரேஷன் முடிந்துவிட்டது. போன வாரம் யூனிட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். விஜயா சூளைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒட்டாம வை... இடம் விடு..." என்று இவருக்கு வாய் ஓயவில்லை.

"ஓனரு கொஞ்சம் சும்மா இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஓனர் வேலை எவ்வளவு கஷ்டம் என்று மாப்பிள்ளைக்கு இப்போதுதான் தெரிகிறது.