கடாரத்துக்கு நான் பொறுப்பல்ல

சோழ ராஜா கடாரத்தைக் கொள்ளையடித்த குற்றத்துக்காக மலாயாவின் குடியுரிமை எனக்குக் கிடைக்காது என்று ஒன்பது நாள் மனப்பூர்வமாக நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. மலாக்கா டவுனிலிருந்து உஜோங் பாசிர் போய்வரும் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும் கையோடு வாயும் ஓடும். கடல் கண்ணில் பட்டதும், இந்தத் தண்ணீரில்தான் எங்கள் ராஜா படையோடு போய்க் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, பிடித்தார் என்று மலாயில் அளப்பேன். ஒவ்வொரு நடைக்கும் கப்பல்கள் கூடும். முன் இருக்கையில் தினமும் ஒரு மலாய்க்காரர், தலையில் கறுப்பு சொங்கோக் தொப்பி, மடியில் ஃபைல், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு வருவார். இப்படியும் ஒரு ரசிகரா என்று, அவருக்காகவே நாலு யானைகளையும் கப்பலில் ஏற்றினேன்.

குடியுரிமை மனு கொடுக்கப் போன அன்று அதைக் கைநீட்டி வாங்கியவர் அந்த முன் இருக்கைக்காரர்தான். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பத்தாம் நாள் விசாரணைக்கு வரச் சொன்னார்.

மனைவியும் மூன்று பிள்ளைகளும் இங்கே, மலாக்காவின் கஜா பேராங்கிலேயே பிறந்தவர்கள். மனு தள்ளுபடியானால் வீட்டில் நான் ஒருவன்தான் அயலான். திருப்பி அனுப்பிவிட்டால் போய் இறங்க எனக்கு இந்தியாவில் ஒரு சாண் நிலம் கிடையாது.

பக்கத்து வீட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் இந்திய சரித்திரப் புத்தகம் ஒன்றை வாங்கி எதிர்வாதம் தயாரித்தேன். கலிங்கத்தில் ஜெயித்துவிட்டு வருத்தப்பட்ட ராஜா எங்கள் பக்கம் உண்டு. அவரை முன்னால் நிறுத்தலாம். சோழரை வேகமாகக் கடந்துவிட வேண்டும். வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்காரன் எங்களையே விழுங்கிவிட்டான், ஆகவே அடித்ததும் அடிபட்டதும் சரியாகப் போயிற்று என்று முடிக்கலாம். போர்த்துகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று வரிசையாக வந்து பிடித்த ஊரில் இருந்துகொண்டு, பழி என் தலையில் மட்டும் விழும் என்று எப்படித்தான் தோன்றியதோ.

சோற்றில் கை வைத்தபடி நான் முணுமுணுப்பதை மனைவி பார்த்தாள்.

"ஏங்க, அந்த ராஜா என்ன உங்க சித்தப்பாவா?"

"அந்த ஆளு எல்லாத்தையும் கேட்டிருக்காரு. ஒரு தடவகூட சிரிக்கல."

"உங்க கதைக்கு யாருதான் சிரிச்சா?"

விசாரணையில் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்பது.

ஆயிரம் வருடம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூட முடியவில்லை. கலிங்கம் வந்தது, கப்பல் வந்தது, கம்பெனியும் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தார்.

"ராஜா வந்ததை பஸ்ஸிலேயே கேட்டாச்சு," என்றார் மலாயில். "நீங்க எப்ப வந்தீங்க?"

பத்தொன்பது வருடம் ஆகிறது என்றேன். எழுதிக்கொண்டார். விலாசம் கேட்டார், வேலை கேட்டார், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னேன். சில வாரங்களில் அரசாங்க முத்திரையோடு காகிதம் தபாலில் வந்தது.