எப்ப என்று கேட்டதற்கு ஜீப் வந்த கதை

மருமக்களே, மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன்... இதை உங்களில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நானே நம்பாமல்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் காற்றில் மூன்று வாசம்தான் இருந்தது. ரப்பர் ஷீட் புகை, மழையில் நனைந்த ஆடு, அப்புறம் சந்தேகம்.

தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம். ஷீட் உருட்டுகிற இடத்தில் எனக்கு வேலை. உலகத்து டயரில் பாதி என் கையில் உருண்டதுதான், அது கிடக்கட்டும்.

லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடுகள் காணாமல் போகத் தொடங்கின. கயிறு இருக்கும்... ஆடு இருக்காது. கடைசியில் லயம் முழுவதிலும் "ம்மே" என்ற சத்தம் ஒரே ஒரு வீட்டில் மட்டும் மிஞ்சியது. செல்வமேரி அக்கா வீட்டில்.

அது போதாதா?

"நம்ம ஆடெல்லாம் போவுது. அவங்க ஆடு மட்டும் எப்புடி அசையாம நிக்குது?" என்று ஒரு வாய் கேட்டது. மறுநாள் எல்லா வாயும் கேட்டன.

அக்காவின் புருஷன் சவரிமுத்து அண்ணன். ரப்பர் பால் வெட்டுகிறவர். கொசுவை அடித்தால்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனுசன். அவர் ஏப்பம் விட்டால் ஆட்டுக்கறி வாசம் வருகிறது என்றார்கள். அக்கா குடத்தோடு பீலிக்கு வந்தால் தண்ணீர் மட்டும்தான் பேசும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"வேற தோட்டத்துக்குப் போயிருவோம் மேரி" என்று அண்ணன் சொல்ல ஆரம்பித்தார்.

உண்மையான கள்ளன் பிடிபட்டால்தான் அந்தக் குடும்பம் அங்கே தலைநிமிர்ந்து இருக்க முடியும். அதனால் பொலிஸ் வரவேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட ஆசைப்பட்டவர் அக்காதான்.

எங்கள் பக்கத்தைப் பார்க்கவென்று புதிதாக ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். ராலஹாமி என்றுதான் கூப்பிடுவோம். மீசையின் ஒரு முனை கேகாலையில், மறுமுனை இரத்தினபுரியில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வந்து நின்றார். பொலிஸ் உங்கள் நண்பன், இனிமேல் ரோந்து வருவோம் என்று சிங்களத்தில் அழகாகப் பேசி, "அப்பி எனவா!" என்று முடித்தார். நாங்கள் வருகிறோம் என்று அர்த்தம்.

எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஆசை மிஞ்சினால் வாய் தமிழுக்குத்தான் ஓடும். கூட்டம் ஒரே குரலில் கேட்டது:

"எப்ப?"

எல்லோரையும்விடச் சத்தமாக அக்கா: "எப்ப? எப்ப?"

ராலஹாமியின் மீசை இறங்கியது.

சிங்களத்தில் "எப்பா" என்றால்... வேண்டாம்.

"அப்பி எனவா?" என்றார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக.

"எப்ப்ப்ப?" மலை அதிர்ந்தது. கலவானையில் ஒரு பஸ் பயந்து நின்றதாகக் கேள்வி.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நாள் கேட்டதும் ஓடுறான் பாத்தியா? கள்ளனோட பங்கு இருக்குடா" என்றோம் நாங்கள். பொலிஸே வேண்டாம் என்கிறார்களே, அப்படியென்றால் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தார் அவர். அதிலும் அதிகமாகக் கத்திய அந்தப் பொம்பளை வீட்டில்தான் அண்டா இருக்கவேண்டும்!

அடுத்த கிழமை ஜீப் வந்தது. நேரே செல்வமேரி அக்கா வீட்டுக்கு. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். குழம்புச் சட்டியை மோந்து பார்த்தார்கள். சாராயம் ஒரு சொட்டு இல்லை. என்ன தேடினார்கள் என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியாதே...

"சொன்னோம்ல? பொலிஸே தேடி வந்துருச்சு!"

அன்றைக்கே அண்ணன் துணிமணியை மூட்டை கட்டினார். அக்கா ஆட்டை அவிழ்த்தார். விட்டுவிட்டுப் போனால் அதுவும் போய்விடும் என்று கையோடு இழுத்துக்கொண்டு பொலிஸுக்கு நடந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

கூப்பிட்டபோது வராமல், கூப்பிடாதபோது ஏன் வந்தீர்கள் என்று அக்கா சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தார்.

ராலஹாமிக்கும் கோபம். "ஒயாலாமனே எப்பா கிவ்வே!" நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்!

அக்கா ஆட்டைப் பார்த்தார். ஆடு என்னைப் பார்த்தது.

"ஐயோ ராலஹாமி! எப்பா இல்லீங்க... எப்ப! எப்ப! கவதாத? அதத்தான் கேட்டோம், கவதாத?"

எந்த நாள் என்பதற்கான சிங்களம் அவர் காதில் விழுந்ததும் மனுசன் சிரித்தார் பாருங்கள், கித்துல்கலையில் களனி கங்கை கரை புரண்டது.

"ஹெட்ட" என்றார். நாளைக்கு.

சொன்னபடி மறுநாள் காலையில் நடந்தே வந்தார். தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வரும் திரீவீலர் லயத்துக்கு முன்னால் நின்றது. ராலஹாமி முதலை மாதிரிச் சுட்ட ஒரு கிம்புலா பனிஸ் கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பனிஸ் "ம்மே" என்றது.

உள்ளே பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் ஒரு மந்தையே இருந்தது. இந்தப் பாண்காரன் முன்னால் பாட்டுப் போட, இவனுடைய கூட்டாளி பின்னால் கயிறு அவிழ்த்திருக்கிறான். அந்தப் பாட்டில் ஆடு கத்துவது எங்கே கேட்கும்? இத்தனை நாளும் நாங்களே பாண் வாங்கிக் கள்ளனை மரியாதையாக வழியனுப்பியிருக்கிறோம்.

அக்கா வீட்டு ஆட்டை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னான்:

"அது ரொட்டி சுடுற வீடுங்க. பாண் வாங்க முன்னால வந்தாத்தானே பின்னால கயிறு அவுக்கலாம்?"

இப்போது தமிழ் பேசுகிற பொலிஸ் இருக்கிறார். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. "எப்ப வருவீங்க?" என்று தமிழிலேயே கேட்கலாம். சரியாகப் புரிந்துகொண்டு ஒரு கட்டைவிரல் அனுப்புகிறார்கள். அதற்கு வாறோம் என்று அர்த்தமா, பார்ப்போம் என்று அர்த்தமா... எங்களுக்கு இன்னும் சந்தேகம்தான். அந்த மனுசன் தப்பாகப் புரிந்துகொண்டாலும் நம் முன்னால் நின்று புரிந்துகொண்டார். பிறகு நடந்து வந்தார்.

சரி சரி, சிரிக்காதீர்கள். மீசை பொய். பனிஸ் பொய். பஸ் பெரும் பொய்.

ஆனால் கள்ளன் பிடிபட்ட அன்று சாயந்தரம், லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகச் செல்வமேரி அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். தீப்பெட்டி இருக்கா, அண்ணன் இருக்காரா, சும்மாதான் வந்தேன்... யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே இருந்தார். தேயிலை தீர்ந்துபோய், பக்கத்து வீட்டில் ஒரு கை கடன் வாங்கி ஊற்றினார்.

அது மட்டும் உண்மை.