குளம்பை இழுத்த தடம்

ஐலிக்கு வயது அறுபத்தொன்று. இருபத்தேழு வருஷம் குஹ்மோ நகராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டியவள். எந்த வளைவில் யார் வீட்டுத் தபால்பெட்டி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அவற்றில் இரண்டை இடித்துத் தள்ளியும் இருக்கிறாள், ஒன்றைத் தெரியாமல், ஒன்றைத் தெரிந்தே. ஸ்வீடனுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டபோது ஐலி அழவில்லை. ஒரு நாய் வாங்கினாள். அது செத்ததும் இன்னொன்று வாங்கினாள். ஹல்லா மூன்றாவது.

சாம்பல் நிற வேட்டை நாய், மூன்று வயது. குண்டடி பட்டு ஓடிப்போன மூஸ் மானை ரத்த வாடையை வைத்தே தேடிக் கண்டுபிடிக்கும். போன வேட்டைக் காலத்தில் பதினொரு ஆண்கள் அரைநாள் தேடிக் கைவிட்ட மானை ஹல்லா நாற்பது நிமிஷத்தில் காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து ஐலி நிமிர்ந்து நடந்தாள். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்தாள் என்று சொன்னவர்களும் உண்டு.

இந்தக் குளிர்காலம் அந்த நிமிர்வை ஒடிக்க வந்தது. நவம்பரில் ஓநாய்கள் ஊர் ஏரியைச் சுற்றி இறங்கின. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரெய்னோவின் கிழநாய் முஸ்தியை, அவர் வீட்டு முற்றத்திலிருந்தே, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் தூக்கிக்கொண்டு போயின. மிஞ்சியது கழுத்துப்பட்டை மட்டும். அன்று முதல் ஹல்லாவை ஐலி அவிழ்த்து விடவேயில்லை. மூத்திரம் போகக்கூடக் கயிற்றோடுதான். ஜனவரி பிறந்ததும் குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நாயும் அவளும் நான்கு சுவருக்குள் அடைபட்டார்கள்.

காட்டில் நாளெல்லாம் ஓடிய நாய் வீட்டுக்குள் சும்மா கிடக்குமா? முதல் வாரத்திலேயே செருப்பு ஒன்று, மேசைக் கால் ஒன்று, திரைச்சீலையின் கீழ்ப்பாதி எல்லாம் போயின. பனியில் காலால் உந்திப் போகும் தள்ளுசறுக்கு வண்டியில் வந்து இறங்கிய ரெய்னோ திரைச்சீலையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஐலி, குட்டைப் பாவாடை தச்சிருக்கியா ஜன்னலுக்கு?"

"சிரிய்யா, சிரி. ராவும் பகலும் இது என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவன்கூட என்னை இப்படிப் பாத்ததில்ல."

"அதுக்கு வேலை குடு. மூக்குள்ள நாய்க்கு மூக்குக்கு வேலை குடுக்கணும்."

கொடுத்தாள். உலர்ந்த மான் நுரையீரலைத் துண்டு போட்டு, கந்தல்துணி விரிப்புகளின் சுருளிலும், காலிப் பால் அட்டைப்பெட்டிகளிலும், விறகுக் கூடையிலும் ஒளித்து வைத்தாள். நான்கு நாளில் ஹல்லாவுக்கு அது சலித்துவிட்டது. பிறகு கோடைப் பயிற்சிக்காக உறைபெட்டியில் வைத்திருந்த மான் ரத்தப் புட்டியையும், கயிற்றில் கட்டிய மான் குளம்பையும் எடுத்தாள். குளம்பைத் தரையில் இழுத்து, இடையிடையே ரத்தம் சொட்டி, அடுப்படியிலிருந்து மாடிவரை தடம் போட்டாள். இரண்டே நாளில் வீடு முழுவதும் ஹல்லாவுக்கு அத்துபடி.

சரி, முற்றத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தாள். விறகுக் கொட்டகையில் தொடங்கி, சவுனா என்ற நீராவிக் குளியலறையைச் சுற்றி, உருளைக்கிழங்குக் குழிக்குப் பின்னால் வந்து, படியேறி, வாசல் கதவைத் தாண்டி அடுப்படியில் முடியும் தடம். தினமும் பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம். ஹல்லா மூக்கைத் தூக்காமல் வந்து, தட்டில் இருந்ததைத் தின்று, நிம்மதியாகத் தூங்கியது. ஐலிக்கும் தூக்கம் வந்தது. இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றியதே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சாலையோரத்தில் அடித்தடங்களைப் பார்த்தாள். முன்னே போனதன் அடியிலேயே பின்னே வருவதும் கால் வைத்திருந்தது. ஓநாய்தான். இரண்டு நாள் கழித்துத் தடம் கொட்டகைக்குப் பின்னால் வந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாக ஓநாய் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டை இப்படி நெருங்கி நெருங்கி வந்ததைப் பார்த்ததில்லை. ஏன் தன் வீடு?

யோசித்து யோசித்து ரெய்னோவிடம் போய் நின்றாள். அவர் வலையில் விழும் மீன்களின் குடலை ஏரிப் பனியின்மேல் நரிக்குக் கொட்டுவது ஊருக்கே தெரியும்.

"உன் மீன்குடல்தான்யா அதுங்களை இழுத்துட்டு வருது. எத்தனை தடவை சொன்னாங்க உங்கிட்ட?"

ரெய்னோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "கொட்டுறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. என் முஸ்தியத் தின்னதுக்கு நானே விருந்து வெப்பேனா ஐலி? போ. வீட்டுக்குப் போ."

ஐலி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, காற்றில் எதையோ மோந்து மோந்து உறுமிக்கொண்டிருந்த ஹல்லாவைச் சந்தோஷப்படுத்துவதற்காக, அடுத்த நாள் தடத்தை இன்னும் நீளமாகவும் கஷ்டமாகவும் போட்டாள். கிழங்குக் குழியருகே குளம்பைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து, வாடையே இல்லாத இடைவெளி விட்டு, வேறு திசையில் மறுபடி இழுத்தாள். பழகிய நாய்களே அந்த இடத்தில் தடுமாறும். ஹல்லா நின்றது, வட்டமடித்தது, கண்டுபிடித்தது. ஐலிக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை லேசாகப் பனி தூவியது. இரவு ஹல்லா கட்டிலுக்கு வரவில்லை. வாசல் கதவடியில் படுத்துக்கொண்டது. அடுப்புச் சூடு தாங்கவில்லை போல என்று ஐலி விளக்கை அணைத்தாள்.

காலையில் நாயை உள்ளறையில் விட்டுவிட்டு, பனி வார மண்வெட்டியோடு வெளியே வந்தாள். புதுப் பனியில் எல்லாம் எழுதி வைத்ததுபோல் தெளிவாக இருந்தது. கொட்டகையிலிருந்து ஒற்றை ஓநாயின் தடம் கிளம்பியிருந்தது. சவுனாவை அவள் சுற்றிய பக்கமாகவே சுற்றியிருந்தது. கிழங்குக் குழியருகே நின்றிருந்தது. அங்கே ஒரு வட்டம், அதைவிடப் பெரிய இன்னொரு வட்டம், பிறகு பத்தடி தாண்டி, சரியாக அவள் குளம்பைத் திரும்ப இறக்கிய இடம். அங்கிருந்து தடுமாற்றமே இல்லாமல் படிக்கட்டுக்கு வந்திருந்தது. கதவுக்கு முன்னால் பனி உருகி மறுபடி உறைந்து, ஓர் உடம்பு படுத்திருந்த அளவுக்குப் பள்ளம். அதில் சாம்பல் முடி ஒட்டியிருந்தது. கதவின் இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் ஹல்லா, ராத்திரி முழுக்க.

ஐலி மண்வெட்டியைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய்க்கு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று பத்து நாளாகக் காட்டுக்கும் தன் அடுப்படிக்கும் பாதை போட்டுக் கொடுத்தது அவள்தான். வேறு யாரும் இல்லை.

குளம்பை அடுப்பில் போட்டாள். அது எரிந்த நாற்றத்தில் ஹல்லா குதூகலமாகக் குரைத்தது. ஆனால் முற்றத்தில் உறைந்து கிடக்கும் ரத்தத்தை என்ன செய்வது? மண்ணோடு உறைந்ததைச் சுரண்ட முடியாது. மே மாதம் உருகும்வரை அது அங்கேதான் இருக்கும். நாயோ ஒரு நாளைக்கு நான்கு தடவை வெளியே போயாக வேண்டும். குட்டைக் கயிற்றின் நுனியில் ஐலி இருந்தால் மட்டும் ஓநாய் யோசிக்கப் போகிறதா?

மத்தியானம் ரெய்னோ வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மீன்குடல் இல்ல," என்றாள். "நான்தான். ரத்தத் தடம் போட்டேன், முற்றத்துல."

ரெய்னோ கதவை அகலத் திறந்தார். "பதினொரு ஆம்பளைங்களுக்குப் புத்தி சொன்னவ நீ," என்றார். அதற்குமேல் குத்திக் காட்டவில்லை. "ஓலு டவுன்ல என் மக வீடு இருக்கு. மூணாவது மாடி. கேக்கட்டுமா?"

"மூணாவது மாடியில அது என்னய்யா பண்ணும்?"

"உயிரோட இருக்கும்."

அன்றே ரெய்னோ தன் காரில் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். காரின் பின்கதவைத் திறந்ததும் ஹல்லா ஒரே தாவலில் ஏறியது. கார் ஏறினால் வேட்டை என்றுதான் அதற்குத் தெரியும். வாலை ஆட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக ஐலியைப் பார்த்தது, நீ இன்னும் ஏறவில்லையே என்பதுபோல். ஐலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரெய்னோவிடம் வண்டியை எடு, எடு என்று கையைக் காட்டினாள்.

மறுநாள் ரெய்னோ ஓலுவிலிருந்து போன் செய்தார். நாய் மகளின் புதுக் காலணியைத் தின்றுவிட்டதாம். "பில்லு உனக்குத்தான் வரும்," என்றார். ஐலி சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டாள். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது கை தானாக ஓரத்தைப் பிய்த்துக் கீழே நீட்டியது.

மூன்று மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது படிக்கட்டுப் பலகை முனகியது. ரெய்னோ ஓலுவில் இருக்கிறார். வேறு யாரும் வருவதில்லை. ஐலி ஜன்னலோரமாகப் போய் நின்றாள். அது கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து மெதுவாக மோந்துகொண்டிருந்தது. பிறகு, தட்டு வரும்வரை காத்திருக்கப் பழகிய நாய்போல, பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது.

ஐலி வாணலியை எடுத்து ஜன்னல் கட்டையில் அடித்தாள். அது தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது.

"நாய் இல்ல!" என்று கத்தினாள். "போயிடுச்சு! இங்க யாருமே இல்ல, போ!"

ஓநாய் எழுந்திருக்கவில்லை.