போட்டால் அணையும் விளக்கு

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் டீச்சராக இருந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து, தீக்குச்சிகளை ஒட்டி ஒரு சின்ன தேவாலயம் செய்திருந்தேன். கண்காட்சிக்கு ஒரு மணி நேரமே இருந்தது. பேட்டரியை இணைத்ததும் உள்ளே பல்ப் எரிந்தது. சுவிட்சைப் போட்டதும் அணைந்தது. வயர் சூடேறி, வார்னிஷ் புகையத் தொடங்கியது. பதறிப்போய்ப் பேட்டரியைப் பிடுங்கினேன்.

மூக்குக்கு மேல் கோபம். சுவிட்ச் வாங்கிய பஜார் கடைக்கு ஓடினேன்.

"என்ன பாய், இப்படி ஏமாத்துறீங்க? சுவிட்சப் போட்டா லைட்டு அணையுது."

கடை நிறைய ஆட்கள். எல்லோரும் கடைக்காரரையே பார்த்தார்கள்.

"வாங்க டீச்சர், வெரசாப் போயிப் பாத்துருவோம்" என்று கத்தரியை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

தேவாலயத்தை மெல்லக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. பேட்டரியோட ரெண்டு கம்பியையும் இதுல சேர்த்துட்டீங்க. ஒரு கம்பிய மட்டும் வெட்டி, நடுவுல சுவிட்சக் குடுக்கணும்."

வெட்டி முறுக்கிக் கொடுத்தார். பேட்டரியை மறுபடி இணைத்து, பயந்துகொண்டே சுவிட்சைப் போட்டேன். ஜன்னல்கள் எல்லாம் ஒளிர்ந்தன.

"போட்டா அணையுதுன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே பாய். அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"கடையில ஆளுக நின்னாங்கள்ல டீச்சர்."

அதே ஆட்கள் முன்னால்தான் நான் அவரை ஏமாற்றுக்காரர் என்றிருந்தேன்.

மறுநாள், கடையில் கூட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன்.