வண்டிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

ஊசியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் யாரும் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இல்லை, ரத்தம் கொடுத்தவர்கள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடு தேடிக் காலையில் போய், கையில் நரம்பு பார்த்து, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டு வருவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே சுற்று. யாருடைய நரம்பு ஒளிந்துகொள்ளும், யார் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குறை முடிவதற்குள் குழாய் நிரம்பியிருக்கும்.

போய்வர ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வெளியூருக்கு மாறிப்போன அண்ணன் விட்டுச் சென்றது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னவர்களிடம், அதில் ஏறினால் நாற்காலியில் உட்கார்ந்து போவது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவள் கணவர் சட்டை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தெருவுக்கே மாஸ்டர். துணியில் நூல் பிசகாமல் கத்தி ஓட்டுகிற மனிதருக்கு இரண்டு சக்கரம் என்றாலே தொடை நடுங்கும். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் அவள் தோள் சிவந்துபோகும் அளவுக்குப் பிடித்துக்கொள்வார். ஓட்டத் தெரியாத குறையைத் தீர்த்துக்கொள்ள, சாயங்காலம் வந்ததும் வண்டிக்கு உச்சியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து நிறுத்துவார்.

மூன்று வாரமாக அந்த வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. பத்து உதை, இருபது உதை. மாடி வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எண்ண ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக் கொடுத்தார். இரண்டு நாள் சமர்த்தாக ஓடும். மூன்றாம் நாள் மறுபடி முரண்டு. வண்டிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

போன வியாழன் ஆறரைக்கே போயிருக்க வேண்டிய வீட்டுக்கு அவள் போய்ச் சேரும்போது மணி எட்டு. சர்க்கரை நோய்க்காரரான ஒரு டீச்சர் பசியில் தலைசுற்றிச் சோபாவில் சாய்ந்து கிடந்தார். விஷயம் லேப் முதலாளி காதுக்குப் போயிற்று. அவர் அதட்டுகிற ஆள் இல்லை.

"இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா, காலை ரவுண்டை வேற ஆளுக்குக் குடுத்திடுவேம்மா. நீங்க கவுன்டர்ல உக்காந்துக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது கிழிப்பதை நினைத்ததுமே விரல் மரத்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து ஒரு உதை உதைத்தாள். நீலமாய்ப் பொறி தெறித்தது. அப்படியானால் நெருப்பில் குறையில்லை. கோளாறு உள்ளே போகிற ஆகாரத்தில்தான். கார்புரேட்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தினாள். பெட்ரோல் சொட்டியதும், யோசிக்காமலே பையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயை எடுத்து நீட்டினாள். கைப்பழக்கம்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மாஸ்டர், "ராத்திரி ஒம்போதுக்கு மேல வண்டி எதுவும் குடிக்கல, கேட்டுட்டேன்," என்றார்.

"வாயை மூடிட்டு லைட்டை இந்தப் பக்கம் காட்டுங்க."

குழாயை மூடி, ஒரு டம்ளருக்குள் நிமிர்த்தி வைத்தாள். எதை எடுத்தாலும் கொஞ்ச நேரம் நிற்க விடுவது அவள் வழக்கம். தெளிந்தபோது மேலே இளஞ்சிவப்பாகப் பெட்ரோல். கீழே கால்வாசிக்கு நிறமே இல்லாமல் ஒன்று. நடுவில் கோடு கிழித்தது போல எல்லை. குலுக்கினாள். முத்து முத்தாகச் சிதறி, மறுபடி அடியில் போய்ச் சேர்ந்துகொண்டது.

தண்ணீர்.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்பக்க ரப்பர் வளையம் இறுகி, பனிக்கால உதடு போல வெடித்திருந்தது. மூடியின் பள்ளத்தில் நேற்றுச் சாயங்காலத்து ஈரம் இன்னும் காயவில்லை. மாஸ்டர் கையிலிருந்த டார்ச்சின் வெளிச்சம் தரைக்கு இறங்கிவிட்டது.

"நான் ஊத்தினதா?"

அவருக்கு வலிக்காமல் ஒரு பதில் தேடினாள்.

"நீங்க வெளியிலதான் ஊத்தினீங்க. உள்ள விட்டது இந்த வாஷர்."

அவர் குழாயை வாங்கி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "மூணு வாரமா உன் காலை ஒடிச்சிருக்கேன்," என்றார் மெதுவாக. பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டேங்க்கைக் காலி செய்யப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் வரை இருவருக்கும் பெட்ரோல் வாசனை. வளையம் தேடி நான்கு கடை ஏறி இறங்கியவர் அவர்தான், நடந்தே.

திங்கட்கிழமை இரண்டாவது உதையில் வண்டி உறுமியது. மாடி வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்து, எண்ண எதுவும் இல்லாமல் உள்ளே போனார்.

முன்கூட்டியே கிளம்பியதில், டீச்சர் வீட்டு வாசலை அவள் அடைந்தபோது இன்னும் விளக்கே எரியவில்லை. இன்ஜினை அணைத்தாள். உடனே ஒரு சந்தேகம். மறுபடி உதைத்தாள், எடுத்தது. அணைத்தாள். ஆசை விடவில்லை. இன்னொரு உதை.

ஜன்னல் திறந்தது. தலைமுடி கலைந்த டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ரத்தம் எடுக்க வந்தியா, தெருவை எழுப்ப வந்தியா?"

"கையை நீட்டுங்க டீச்சர்," என்றாள் ஊசியக்கா, வண்டியிலிருந்து இறங்காமலே சிரித்துக்கொண்டு.